ஒரே பாயில் வி மைனஸ் யு

பிள்ளைகளே, போன வாரம் மூத்தவள் அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, இதுல ஒரே விஷயத்துக்கு மூணு சூத்திரம் போட்டிருக்கு. மூணையும் மனப்பாடம் பண்ணணுமா?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு போதும். மத்தது ரெண்டும் அதுக்குள்ளதான் கெடக்கு. நகத்தி எடுத்துக்க."

இளையவன் சிரித்துவிட்டான். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று என் காதில் கேட்டான். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சூத்திரம் எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஆச்சரியம். அவனைக் குறை சொல்லமாட்டேன். நமக்குச் சோறு போடுகிறவர்களிடம் நாம் வேறு எதையும் கேட்பதில்லை. அவனுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பை முதல் தடவையிலேயே தாண்டினேன், அதோடு உரக்கடை வேலைக்குப் போய்விட்டேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனது. அவள் என் மாமா மகள்தான். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து நம் ஆற்றங்கரை ஊரான முக்கூடலுக்கு வந்தாள். செம்மண் காட்டில் வளர்ந்தவளுக்கு முதல் மாதம் முழுக்க ஆற்றைப் பார்ப்பதே வேலை. குடத்தோடு போனால் திரும்பி வர மனசு வராது. "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா போவுது அத்தான்?" என்று கேட்பாள். சும்மா போகவில்லை, வயலுக்குப் போகிறது என்று சொல்வேன்.

அவள் பத்தாம் வகுப்பில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். அறிவியலில் மட்டும் தவறிவிட்டாள். அதைக் கல்யாணம் பேசும்போதே மாமா சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முக்கூடலில் அப்போது வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அவளுக்கு அந்த வேலை தெரியாது. எதிர்வீட்டு மைனிதான் பழக்கிவிட்டாள். மைனி என்றால் எனக்கு அண்ணன் முறை வருகிறவரின் மனைவி. எட்டாவது வரைக்கும் படித்தவள். தெருவில் சத்தமாகச் சிரிக்கிற ஆள் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அவள் வீட்டைக் காட்டலாம். இலையை நனைத்து வைப்பது, அளவுத் தகட்டை வைத்து வெட்டுவது, சுளகு என்கிற முறத்தை மடியில் வைத்துத் தூளை அள்ளிப்போட்டு உருட்டுவது, நூல் சுற்றுவது, நுனியை மடக்குவது என்று எல்லாவற்றையும் மைனி வீட்டு முன்னறையில்தான், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பட்டாசலில்தான், உங்கள் அம்மா கற்றுக்கொண்டாள்.

வேலை கைக்கு வந்துவிட்டது, மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புகையிலைத் தூள் பட்டதும் இருமுவாள். கொஞ்ச நாளில் மூத்தவள் வயிற்றில் வந்துவிட்டாள். அது தெரிந்த அன்றைக்குத்தான் உங்கள் அம்மா என்னிடம் தேர்வுப் பேச்சை எடுத்தாள்.

"அத்தான், வீடு பூரா தூளாக் கெடக்கு. நாளைக்குப் பிள்ள தவழும். கீழ கெடக்கத எல்லாம் எடுத்து வாயில வைக்கும்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

"பத்தாவது பாஸ் ஆயிட்டா சத்துணவுக் கூடத்துல வேலைக்கு எழுதிப் போடலாமாம். அந்த ஒரு பரிச்சைய மறுபடி எழுதுதேன்."

அக்டோபரில் தனித்தேர்வர்களுக்குத் தேர்வு இருந்தது. அதை விட்டால் அடுத்தது மார்ச்சில். அதற்குள் கையில் பிள்ளை இருக்கும், அப்புறம் எங்கே படிப்பது? அக்டோபரில் தேறினால் உண்டு, இல்லையென்றால் சுளகோடுதான் காலம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படிக்க நேரம்? காலையில் தண்ணீர், சமையல், இலை வெட்டு. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை பட்டாசலில் பீடி. பிறகு சுற்றியதைப் பீடிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். வந்து மறுபடி அடுப்பு. முதலில் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பக்கம் புரட்டுகிற விரலில் தூள், தூள் விழுந்த பக்கத்தில் தும்மல். பீடியும் குறைந்தது, பாடமும் ஏறவில்லை.

அந்தப் பட்டாசலில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுற்றும்போது ஒருத்தி மட்டும் சுற்றாமல் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பாள். வாசிக்கிறவளுக்கு வேலை கெட்டுப்போகிறது அல்லவா? அதனால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி பீடி அவள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலும் வாசிப்பது மைனிதான். அழுகைக்கு ஒரு குரல், கோபத்துக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல் எல்லாம் வைத்திருந்தாள்.

உங்கள் அம்மா தும்மிக்கொண்டே பக்கம் புரட்டுவதை மைனி கொஞ்ச நாள் பார்த்தாள். ஒருநாள் கையை நீட்டி அந்த அறிவியல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடுட்டி இங்க. இத நான் வாசிக்கேன். நீ சுத்திக்கிட்டே கேளு."

மற்றவர்கள் விடுவார்களா? கதையில் அந்த வாரம் கதாநாயகி கிணற்று ஓரத்தில் போய் நின்றிருக்கிறாள்.

"யக்கா, அந்தப் பிள்ள குதிச்சாளா இல்லியான்னு தெரியாம நான் எப்பிடி இலை வெட்டுவேன்?"

"குதிச்சிட்டா அடுத்த வாரம் கத ஏது? குதிக்கமாட்டா. பேசாம இரு."

"நல்லாருக்கே! எங்களுக்கு என்னத்துக்கு தவளையும் பல்லியும்?"

"இவ பாஸ் ஆனா நம்ம பிள்ளைகளுக்கு ஒழுங்கா சோறு போடுவால்லா. அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு எதிர்ப்பேச்சு இல்லை. கதையை விட்டுக்கொடுத்தார்கள். பாடப்புத்தகம் வாசிக்கிற மைனிக்கு முன்போலவே ஆளுக்கு ஒரு கைப்பிடியும் கொடுத்தார்கள். அது யாருக்கும் பெரிய காரியமாகத் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தால் பெரிய காரியம். வேலை அலுப்பில் மனசுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் கதைதான். அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து சைக்கிளில் வரும்போது தெருமுனையிலேயே மைனி குரல் கேட்கும். மாமியார் குரலில் கொசுவின் வாழ்க்கையை வாசித்துக்கொண்டிருப்பாள். இதயத்துக்கு நான்கு அறை என்று அவள் வாசித்த அன்று, "நம்ம வீட்டுக்கு ஒரு அறைதான், அதுக்கு நாலா!" என்று ஒருத்தி சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். உயிரியல் பகுதி இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக ஓடியது. கேட்டதெல்லாம் உங்கள் அம்மா மனசில் அப்படியே தங்கியது. அவளுக்கு இருந்த காது அப்படி.

இயற்பியலில்தான் சிக்கல் வந்தது.

இயக்கத்தைப் பற்றிய பாடம். ஒரு வண்டி முதலில் ஒரு வேகத்தில் போகிறது. அது u. பிறகு வேகம் கூடிக்கொண்டே போய் இன்னொரு வேகத்துக்கு வருகிறது. அது v. அதற்கு ஆன நேரம் t. வினாடிக்கு வினாடி எவ்வளவு வேகம் கூடியது என்பது முடுக்கம், அது a. v = u + at. அதாவது, கடைசி வேகம் என்பது முதலில் இருந்த வேகமும் இடையில் கூடிய வேகமும் சேர்ந்தது. இதில் எந்தச் சிக்கலும் இல்லை. முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இதைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டதும் புத்தகத்திலேயே இருந்தது. மைனி அதை நீட்டி முழக்கி வாசித்தாள்.

"ஏ சமம் வி மைனஸ் யு பை டி."

பட்டாசலே சேர்ந்து சொல்லும். உங்கள் அம்மா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கடை லீவில் வீட்டில் இருந்தேன். உங்கள் அம்மா மைனி வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். போனேன். சுளகை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சிலேட்டில் கணக்குப் போட்டிருந்தாள். ஒரு பஸ் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்திலிருந்து இருபது மீட்டர் வேகத்துக்கு வர ஐந்து வினாடி ஆகிறது, முடுக்கம் என்ன? அவளுக்குப் பதினெட்டு வந்தது. புத்தகத்தின் கடைசியில் விடை இரண்டு என்று இருந்தது.

"அத்தான், புஸ்தகத்துல தப்பா அச்சடிச்சிருக்காவ."

நான் சிலேட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வி மைனஸ் யு பை டி. கழித்தலும் வகுத்தலும் இருந்தால் வகுத்தலை முதலில் செய்ய வேண்டும் என்று கணக்கு வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பத்தை ஐந்தால் வகுத்தால் இரண்டு. இருபதில் இரண்டு போனால் பதினெட்டு. எனக்கும் பதினெட்டுதான்.

"ஆமா பிள்ள, அச்சுப் பிழைதான்" என்று சொல்லிவிட்டேன். நான் பத்தாவது தேறியவன் அல்லவா.

மைனிக்கு வருத்தமாகிவிட்டது. "சர்க்காரு புஸ்தகத்துல தப்பு இருக்குன்னா, நான் இம்புட்டு நாளும் தொண்டத் தண்ணி வத்த வாசிச்சதுல எது சரி எது தப்புன்னு யாருக்குத் தெரியும் கொழுந்தனாரே?" என்றாள்.

உங்கள் அம்மா சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கடைக்குக் கொண்டுபோற முன்னால கட்டப் பிரிச்சு ஒருக்க எண்ணிப் பாக்கோம்லா. அது மாதிரி இதையும் திருப்பிப் போட்டுப் பாப்போம். பதினெட்டு சரின்னா அந்த பஸ்ஸுக்கு இருபதுதானே வரணும்?"

போட்டோம். முதலில் இருந்தது பத்து. வினாடிக்குப் பதினெட்டு வீதம் ஐந்து வினாடிக்குத் தொண்ணூறு. கூட்டினால் நூறு. கணக்கில் இருப்பதோ இருபது.

"நூறா!" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். "நம்ம டவுன் பஸ்ஸு தள்ளிவிட்டாத்தான் கெளம்பும். அதுக்கு நூறாம்!"

"கண்டக்டரு விசில் ஊதுததுக்குள்ள பாவநாசத்துல போயி நிக்கும்" என்றாள் மைனி.

பிறகு இரண்டைப் போட்டோம். பத்தும், ஐந்து தடவை இரண்டும், இருபது. சரியாக உட்கார்ந்தது. புத்தகம் சரி என்றால் தப்பு எங்கே? எல்லோரும் சேர்ந்து இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகியதில்தான் தப்பு இருக்க வேண்டும். தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தது. உங்கள் அம்மா முகம் சுருங்கிவிட்டது. போன தடவையும் இப்படித்தான், எல்லாம் தெரியும் என்று போய் உட்கார்ந்து தப்புத் தப்பாக எழுதிவிட்டு வந்திருப்பேனோ என்று பைய, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் மைனி கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மைனி, இங்கன ஒரு கோடு நீளமா இருக்கே."

"ஆமா, இருக்கு."

"நீங்க சொல்லவே இல்லியே?"

"கோட்டுக்கு ஏதுட்டி வாசிப்பு? எழுத்துக்குல்லா வாசிப்பு!"

நானும் எட்டிப் பார்த்தேன். மேலே v − u. அந்த இரண்டுக்கும் கீழே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரே கோடு. அதற்குக் கீழே t. இரண்டையும் முதலில் கழித்துவிட வேண்டும், மிச்சம் வருவதை t-யால் வகுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். பார்க்கிற கண்ணுக்கு அது தெரியும். காதுக்குத் தெரியாது. மைனி ஒரு எழுத்தைக்கூட விடாமல் வாசித்தாள். உங்கள் அம்மா ஒரு எழுத்தைக்கூட விடாமல் கேட்டாள். ஆனாலும் கோடு நடுவழியில் நின்றுவிட்டது. கை இரண்டும் பீடியில் இருக்க, காதாலேயே படிக்கிறவர்களுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு அது. நானும் அன்றைக்குக் காதில் கேட்டதை வைத்துத்தான் போட்டேன், புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் எனக்கு அது வந்திருக்காது. ஆனால் அந்தக் கோடு எதற்கு நீளமாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததும் இல்லை.

அன்றைக்கு அழுதிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். உங்கள் அம்மா அழவில்லை. மைனிதான் மூக்கை உறிஞ்சினாள். தான் வாசித்துக் கெடுத்துவிட்டோமே என்று. உங்கள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாசிக்கலன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது மைனி. கோட்டுக்கும் ஒரு வாசிப்பு கண்டுபிடிங்க, அம்புட்டுதான்" என்றாள்.

மறுநாள் மதியம் நான் சாப்பிட வரும்போது தெருமுனையில் புதிதாக ஒன்று கேட்டது.

"ஏ சமம், வி மைனஸ் யு ரெண்டும் ஒரே பாயில, கீழ டி."

பட்டாசலில் சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. "ரெண்டும் ஒரே பாயிலயா? யக்கா, அதுகளுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் நான் சைக்கிளோடு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, ஒரே பாய்க்காரரும் வந்துட்டாவ" என்றாள் இன்னொருத்தி. உங்கள் அம்மா முகத்தைச் சுளகுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். நான் சாப்பிடாமலேயே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

அதிலிருந்து எந்தச் சூத்திரம் வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கிற ஒருத்தி கேட்பாள், "ஒரே பாயா, தனித்தனிப் பாயா?" மைனி புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கோட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

இதோடு விட்டிருந்தால் உங்கள் அம்மா இன்னும் கொஞ்சம் சரியாக மனப்பாடம் செய்தாள் என்றுதான் ஆகியிருக்கும். அவள் விடவில்லை. அந்தப் பதினெட்டு அவளைப் பயமுறுத்திவிட்டது. காதில் விழுந்ததை நம்பி இனி எழுதமாட்டேன், கோடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் சிலேட்டோடு என் முன்னால் உட்காருவாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. "பக்கம் மாறினால் குறி மாறும்." அதைச் சொன்னேன்.

"ஏன் மாறும்?"

"மாறும். அவ்வளவுதான்."

"அது எப்பிடி அத்தான், தாண்டுன உடனே மாறும்?"

நான் சிலேட்டைத் துடைத்தேன். பிறகு மின்சாரப் பாடத்துக்குப் போனோம். V = IR. மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. மின்னோட்டம் மட்டும் வேண்டும், R-ஐ அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். நான் உறுதியாக, அங்கே போனால் மைனஸ் R என்று எழுதிவிட்டேன். அவள் பக்கத்திலேயே 6 = 2 × 3 என்று எழுதினாள். "சின்ன நம்பரப் போட்டுப் பாருங்க. ஆறுல மூணு போனா ரெண்டா வருது? மூணுல்லா வருது. ஆறை மூணால வகுத்தாத்தான் ரெண்டு."

பிள்ளைகளே, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது. அதில் அறிவியலுக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் பெருக்கல் எப்படி நகரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தப்பு செய்தவனைக் கேலி செய்யாமல் பக்கத்தில் ஒரு சின்ன நம்பரை எழுதிக் காட்டினாள் பாருங்கள், அதற்காக நான் அவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கண்டுபிடித்த வழியை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், மூத்தவளுக்கு உதவும்.

"நடுவுல சமம்னு போட்டிருக்கு. அப்பிடின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எனக்கு இந்தப் பக்கம் யு வேண்டாம். எடுக்கேன். இங்க மட்டும் எடுத்தா சமம் போயிரும். அதனால அந்தப் பக்கமும் யு எடுக்கணும். இப்ப அங்க வி மைனஸ் யு. குறி ஒண்ணும் மாறல, நாமதான் எடுத்தோம். இங்க மிச்சம் ஏ டி. டி வேண்டாம், வகுக்கேன். அங்கயும் வகுக்கணும். அங்க இருக்கது வி மட்டுமா, யு மட்டுமா? ரெண்டும் சேந்து இருக்கது. அப்ப முழுசையும்லா வகுக்கணும். அதான் கோடு நீளம்."

அதற்குப் பிறகு மூன்று சூத்திரத்தை அவள் படிக்கவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு எது வேண்டுமோ அதை நகர்த்தி எடுத்தாள். எடுத்ததும் சின்ன நம்பர் போட்டுப் பார்ப்பாள், விடை வந்ததும் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். இந்த இரண்டையும் விட்டதே இல்லை.

தேர்வு நாளன்று திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஏழு மாத வயிறு. காலையிலேயே மழை பிடித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அவளைப் போலத் தவறிப்போனவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். மீசை வைத்தவர்கள், பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்கள், கடைசி நிமிஷம் வரை தாளைப் புரட்டியவர்கள். உங்கள் அம்மா எதையும் புரட்டவில்லை. அவள் உட்கார பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் இடம் போதவில்லையாம். கண்காணிக்க வந்த டீச்சர் தன் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, நேரம் முழுக்க நின்றுகொண்டே இருந்தாராம். அந்த அம்மா யாரென்று எங்களுக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

நான் எதிரில் டீக்கடையில் நின்றேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்பிடி எழுதுன?"

"வேதியியல்ல கோட்ட விட்டுட்டேன். ஒரு பக்கம் பூரா வெறும் தாள்தான். பாஸாவனான்னு தெரியல அத்தான்."

சரி, பரவாயில்லை என்று சொல்லப் போனேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு கணக்கு வந்துச்சு. வண்டி எம்புட்டுத் தூரம் போச்சுன்னு. அந்தச் சூத்திரத்த நான் படிக்கவே இல்ல. வி ஸ்கொயர்னு ஆரம்பிக்க சூத்திரம் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. அதுலருந்து நகத்தி எடுத்தேன். திருப்பிப் போட்டும் பாத்தேன். சரியா வந்துச்சு." பஸ் நிலையம் வரும்வரை அந்த ஒரு கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மழையில் என் சட்டை நனைந்ததுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் பிரசவத்துக்குச் சாத்தான்குளத்துப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். மூத்தவள் பிறந்தாள். மூத்தவளே, முடிவு வந்தபோது உனக்குத் தலைகூட நிற்கவில்லை. தேர்வு எழுதிய பள்ளியில் போய் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வேண்டும். அவளுடைய நுழைவுச்சீட்டைக் காட்டி, பிரசவமாகியிருக்கிற விவரத்தைச் சொல்லிக் கெஞ்சி நான் வாங்கினேன். அலுவலகத்தில் இருந்தவர் தேடி எடுத்து நீட்டியபோது எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "என்ன அண்ணாச்சி, பாஸ்தான், பிடிங்க" என்றார் அவர். அறிவியல் நாற்பத்தொன்று.

அங்கிருந்தே சாத்தான்குளம் பஸ் ஏறினேன். உன்னை மடியில் போட்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். பார்த்தாள், மறுபடி பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் முதலில் கேட்டது இதைத்தான்.

"மைனிகிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல, நேரா இங்கதான் வாறேன்."

"என்ன அத்தான் நீங்க! அவியகிட்டல்லா மொதல்ல சொல்லணும். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க. இதையும் கொண்டுபோங்க."

சத்துணவுக் கூட வேலை கிடைக்க அதற்குப் பிறகும் காலம் ஆனது. நீ தவழ ஆரம்பித்துவிட்டாய். அதுவரைக்கும் அவள் இலை, தூள், சுளகு எல்லாவற்றையும் மைனி வீட்டிலேயே வைத்துச் சுற்றினாள். நம் வீட்டுத் தரையில் ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. வேலை உத்தரவு வந்த அன்று சுளகை மைனிக்கே கொடுத்துவிட்டாள். ஆனால் சான்றிதழோடு நான் முக்கூடலுக்குத் திரும்பிய அந்த மறுநாளைச் சொல்லாமல் விடக் கூடாது.

மதியம் பட்டாசலில் போய் நின்றேன். எல்லோரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மைனி தொடர்கதையை வாசித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பாஸ்" என்றேன்.

ஒரே கூச்சல். ஒருத்தி மடியிலிருந்த தூளெல்லாம் கொட்டிப் போனது. மைனி முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, அப்புறம்தான் தாளைத் தொட்டாள்.

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாப்பத்தொண்ணா?" என்றாள் மைனி. "மாசக்கணக்கா நான் வாசிச்சிருக்கேன், இவளுவ கேட்டிருக்காளுவ. மீதி அம்பத்தொம்பத எவன் தின்னான்?"

"முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்தான் மைனி."

"அது சும்மா படிச்சவளுக்கு. இவ எப்பிடிப் படிச்சான்னு அவனுக்குத் தெரியுமா? தாளத் திருத்துனவன் யாரு? கேளுங்க கொழுந்தனாரே, போய்க் கேளுங்க. விட்டுட்டு வந்து நிக்கியளே!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதயத்தைக் கேட்டானா, கொசுவைக் கேட்டானா, அதற்கெல்லாம் எத்தனை போட்டான் என்று என்னைச் சுற்றி விசாரணை. வேதியியலில் ஒரு பக்கம் எழுதவில்லை என்று சொன்னேன். அதை மைனி ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைத் தான் வாசித்தபோது மழைச் சத்தத்தில் உங்கள் அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியாமல் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மைனி தாளை மடிக்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இதுக்கு அடுத்தாப்புல ஒரு படிப்பு இருக்கும்லா? அதுக்கு என்ன புஸ்தகம்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. நாங்க இங்கன ஒக்காந்துதான இருக்கோம்."